300 ரூபாய் பைக்கைப் பிரித்துப் பார்த்த இளைஞர்: ஜி.டி. நாயுடுவின் கதையும், உங்கள் வண்டியின் முன்ஃபோர்க்கும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத் பக்கம் இருக்கிறது தென்னேரி. பெரிய ஏரிக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து கிளம்பினால் கொஞ்ச நேரத்திலேயே மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் வந்துவிடும். ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் உற்பத்தியைத் தொடங்கியது. யமஹாவுக்கும் வல்லம் வடகாலில் ஆலை உண்டு. இந்தப் பக்கத்து ஊர்களில் ஷிப்டுக்குப் போகிறவர், பட்டுப் புடவையை நெய்து காஞ்சிபுரம் கடைக்குக் கொண்டுபோகும் நெசவாளி, வயலுக்குப் போகும் விவசாயி என எல்லாருக்கும் பைக்தான் கால்.

ஆனால் பிரேக் பிடித்ததும் வண்டியின் மூக்கு ஏன் அப்படி அமுங்குகிறது, பள்ளத்தில் இறங்கினால் கை ஏன் அதிர்கிறது, முன்பக்கம் இருக்கும் அந்த இரண்டு குழாய்க்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டால், பல பேருக்குப் பதில் தெரியாது. தறியில் பாவு தொய்ந்தால் தானே இழுத்துச் சரிசெய்துகொள்ளும் நெசவாளிகூட, பைக் என்று வந்தால் மெக்கானிக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்.

நூறு வருஷத்துக்கும் முன்னால், மெக்கானிக் கடையே இல்லாத ஒரு கிராமத்தில் ஓர் இளைஞருக்கு இதே கேள்வி வந்தது. அவர் பைக்கைக் காசு சேர்த்து வாங்கினார், பிரித்துப் போட்டார், திரும்ப மாட்டினார். அவர்தான் பின்னாளில் கோவையின் ஜி.டி. நாயுடு. அவர் வாழ்க்கையில் அந்த ஒரு வேலை என்னவெல்லாம் செய்தது? அதே வழியில் இன்று நம் வண்டியின் முன்ஃபோர்க்கை வீட்டிலேயே எப்படிச் சரிபார்ப்பது? இரண்டையும் பார்க்கலாம்.

யார் இந்த ஜி.டி. நாயுடு?

முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆசிரியர் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவந்ததாக ஒரு கதை கோவைப் பக்கம் இன்றும் உலவுகிறது. கதை எப்படியோ, தொடக்க வகுப்புகளைத் தாண்டி அவர் படிக்கவில்லை என்பது உண்மை.

படிப்பை விட்டாரே தவிர, தெரிந்துகொள்ளும் ஆசையை விடவில்லை. ஊரில் விவசாய வேலை பார்த்துக்கொண்டே கையில் கிடைத்ததை வாசித்தார். அந்த வயதில்தான் அவர் கண்ணில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டது.

அந்த ரட்ஜ் பைக்கில் அப்படி என்ன இருந்தது?

வருவாய்த் துறையில் இருந்த லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரி அந்தப் பக்கம் வந்தபோது ஓட்டிவந்த வண்டி அது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ரட்ஜ்-விட்வொர்த் என்ற கம்பெனி தயாரித்தது. சைக்கிள் செய்து பேர் வாங்கிய அந்தக் கம்பெனி, 1911 வாக்கில்தான் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 499 சிசி, ஒற்றை சிலிண்டர் எஞ்சின். சக்கரத்தைச் சுழற்ற இன்றைய செயினுக்குப் பதிலாக பெல்ட் இருந்தது.

மாட்டு வண்டி ஓடும் மண் ரோட்டில், மாடும் இல்லாமல் மிதியும் இல்லாமல் ஓடும் ஒரு வண்டி. பார்த்தவர்கள் வாய் பிளந்திருப்பார்கள். துரைசாமிக்கு அதை வேடிக்கை பார்ப்பது போதவில்லை. அது தனக்கு வேண்டும் என்று தோன்றியது. ஓட்டிக் காட்ட மட்டுமல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க.

கையில் காசு கிடையாது. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். தட்டு எடுத்து, டேபிள் துடைத்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். சுமார் மூன்று வருஷம் இப்படிச் சேர்த்த பணத்தில், 300 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்கியதாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்து 300 ரூபாய், ஒரு ஹோட்டல் தொழிலாளிக்குச் சாதாரணத் தொகை இல்லை. அதைக் கொடுத்து வாங்கிய வண்டியை அவர் செய்த முதல் காரியம், பார்ட் பார்ட்டாகப் பிரித்துப் போட்டது.

இதில் இருக்கும் ரிஸ்க்கை யோசித்துப் பாருங்கள். திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் மூன்று வருஷ உழைப்பு இரும்புக் குவியலாகிவிடும். ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவேண்டும். சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. அந்த நிலைமையில் ஒருவர் வண்டியைப் பிரித்தால், எது எங்கிருந்து வந்தது, எதற்குப் பிறகு எது கழன்றது என்பதைக் கண்ணும் கையும் மறக்கவே முடியாது. அவர் மாட்டினார். வண்டி ஓடியது. ஒரு மெக்கானிக் உருவாகிவிட்டார்.

அன்றைய ஃபோர்க், இன்றைய ஃபோர்க்: என்ன வித்தியாசம்?

1910-களின் பைக்குகளில் முன் சக்கரத்தைப் பிடித்திருந்த ஃபோர்க்கில் ஆயில் கிடையாது. கம்பிச் சட்டமும், அசைந்து கொடுக்கும் இணைப்புகளும், ஒரு ஸ்பிரிங்கும்தான். பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கும். பிறகு துள்ளும். அந்தத் துள்ளலை அடக்க உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. எல்லாமே வெளியில் தெரியும்படி இருந்ததால், பார்த்தாலே புரிந்துகொள்ள முடிந்தது.

அடுத்து, உராய்வுத் தகடுகளை வைத்து அந்தத் துள்ளலைக் கட்டுப்படுத்தினார்கள். 1935-ல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ கம்பெனி, ஆயில் நிரம்பிய டெலஸ்கோபிக் ஃபோர்க்கைத் தன் ஆர்12, ஆர்17 மாடல்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது இதன் வாரிசுதான்.

வேலை செய்யும் விதம் சிம்பிள். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்குகிறது. உள்ளே நீளமான ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. கூடவே இருக்கும் ஆயில், சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போகவேண்டும். ஊசி போடும் சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் மருந்து எப்படி எதிர்த்து நிற்கிறதோ, அதே கதைதான். அந்த எதிர்ப்புதான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது ஆயில். இந்த ஒரு வரி புரிந்தால் முன்ஃபோர்க்கில் பாதி புரிந்த மாதிரி.

பைக்கில் இருந்து பஸ்ஸுக்குப் போனது எப்படி?

மெக்கானிக் வேலையோடு நாயுடு நிற்கவில்லை. திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை நடத்தினார். முதல் உலகப் போர் காலத்தில் பருத்தி வியாபாரத்தில் நல்ல லாபம் வந்தது. அந்தத் தெம்பில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் வியாபாரம் செய்தார். அங்கே சம்பாதித்ததையெல்லாம் இழந்தார். திரும்பி வந்தபோது கையில் இருந்தது, இயந்திரம் தெரிந்த அறிவு மட்டும்தான்.

கோவையில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவிக்கு வந்தார். அவர் ஆதரவோடு ஒரு பஸ் கிடைத்தது. 1920-ல் பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு அந்த பஸ்ஸை ஓட்டினார் நாயுடு. முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். வழியில் வண்டி நின்றால் கீழே படுத்து ரிப்பேர் செய்பவரும் அவரேதான். ஒரு பஸ் பல பஸ் ஆனது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., சில ஆண்டுகளில் நாட்டின் திறமையான போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது.

பஸ் தொழிலில் காசு போவது எங்கே? வண்டி ஓடாமல் நிற்கும் நாளில். பார்ட்ஸ் தேயும் முன்பே கண்டுபிடித்து மாற்றினால் வண்டி நிற்காது. ரட்ஜ் பைக்கில் தனியாளாகக் கற்றதை, ஷெட்டில் பல பேர் செய்யும் ஒழுங்கான வேலையாக மாற்றியதில்தான் நாயுடுவின் தொழில் வெற்றி இருந்தது.

மோட்டார், ரேஸர், ரேடியோ: எத்தனை கண்டுபிடிப்பு?

பஸ் ஷெட்டில் இருந்து தொழிற்சாலைக்குப் போனது அடுத்த கட்டம். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து ஜி.டி. நாயுடு உருவாக்கிய மின் மோட்டார், இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டாராகக் குறிப்பிடப்படுகிறது. இன்று கோவை என்றாலே பம்ப் செட்டும் மோட்டாரும் ஞாபகம் வருகிறது அல்லவா, அந்தத் தொழிலின் ஆரம்பக் கதையில் இந்த இரண்டு பேருக்கும் பெரிய இடம் உண்டு.

ஜெர்மனி உள்பட ஐரோப்பிய நாடுகளுக்குப் பலமுறை போய்வந்தார். 1936-ல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவிலேயே படம் பிடித்தார். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த ராசந்த் ரேஸர், மெல்லிய ஷேவிங் பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவுக் கருவி என்று அவர் பெயரில் சொல்லப்படும் பட்டியல் நீளம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். வீட்டில் ரேடியோ இருப்பதே அந்தஸ்தாக இருந்த காலம் அது.

பட்டியலைப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை அவர் முதன்முதலில் கனவு கண்டவை இல்லை. எங்கோ பார்த்த பொருளைப் பிரித்து, இதில் எது தேவை, எது தேவையில்லை, எதை மலிவாகச் செய்யலாம் என்று யோசித்து, திரும்பச் செய்தவை. ரட்ஜ் பைக்கிடம் செய்த அதே வேலைதான்.

2,000 ரூபாய் கார் என்னாச்சு?

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அது தெருவுக்கு வரவில்லை. தயாரிக்க அரசின் லைசென்ஸ் வேண்டும், அது கிடைக்கவில்லை. எதை, யார், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை அரசு தீர்மானித்த காலம் அது.

வரிக் கொள்கையிலும் அவருக்கு அரசோடு கடும் மனக்கசப்பு இருந்தது. எதிர்ப்பைக் காட்ட, தான் உருவாக்கிய பொருட்களையே பொதுமக்கள் முன்னால் உடைத்தார். அந்த முடிவு சரியா என்று அப்போதே விவாதம் நடந்தது. செய்து காட்டுவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர், செய்ததை உடைத்துக் காட்டும் அளவுக்குப் போனார் என்றால் மனசு எவ்வளவு வெறுத்துப்போயிருக்கும்? ஒருவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும், சுற்றியிருக்கும் அமைப்பு இடம் கொடுக்காவிட்டால் அது மக்களிடம் வந்து சேராது. அதற்கு அந்தக் காரே சாட்சி.

கல்லூரி தொடங்கியவர் அதைவிட்டு ஏன் விலகினார்?

1945-ல் அவருடைய முயற்சியிலும் நன்கொடையிலும் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கியது. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும், பொறியியல் கல்லூரியும் வந்தன. அந்தக் கல்லூரிதான் இன்று ஜி.சி.டி. என்று அழைக்கப்படும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

ஆனால் பாடத்திட்டத்தில் நாயுடுவுக்கு உடன்பாடு இல்லை. இன்ஜினீயரிங் படிக்க நான்கு வருஷம் தேவையில்லை, இரண்டு வருஷம் போதும், மீதி நேரம் வீண் என்பது அவர் நிலை. ரேடியோ, ஆட்டோமொபைல் போன்ற பாடங்களைக் குறுகிய காலப் பயிற்சியாக, கையில் கருவியைக் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தார். அரசு ஏற்கவில்லை. அவர் விலகினார். பிறகு தன் போக்கில் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தினார்.

இதில் முழுக்க அவர் பக்கமே நியாயம் என்று சொல்லிவிட முடியாது. பாலம் கட்டவும், கொதிகலன் வடிவமைக்கவும் கணக்கும் கோட்பாடும் ஆழமாகத் தெரிந்தாக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் ஒரு பொருளைக் கையால் தொடாமலே அதைப் பற்றிப் பட்டம் வாங்கிவிட முடியும் என்ற நிலைமையை அவர் அன்றே சுட்டிக்காட்டினார். அது இன்றைக்கும் தீராத கேள்வி.

வீட்டிலேயே முன்ஃபோர்க்கைச் சரிபார்ப்பது எப்படி?

நாயுடு விரும்பிய குறுகிய காலப் பயிற்சியை இன்று ஒரு பைக் வைத்து நடத்தினால், முதல் பாடத்தை ஸ்பேனரே எடுக்காமல் தொடங்கலாம். தேவை ஒரு டேப், ஒரு பிளாஸ்டிக் டேக் அல்லது ரப்பர் பேண்ட், ஒரு நோட்டு, கூட ஒரு ஆள்.

முதலில் டயர் காற்று. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்று அதிகமாக இருந்தாலே கை அதிரும். ஃபோர்க் மேல் பழி போடும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, ஆயில் கசிவு. மேலே பளபளக்கும் குழாயில் விரலால் தடவுங்கள். ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில் சீல் போயிருக்கலாம். சேறு அடைத்தாலும் கசியும். குழாயில் துரு, கீறல் இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும். கசிந்த ஆயில் பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ பட்டிருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. பிரேக் பிடிக்காது.

மூன்றாவது, கோன் செட். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்பக்கம் அமுக்கினால் முன் சக்கரம் தூக்கும். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் ஹேண்டில்பார் பேரிங் லூஸ். ஹேண்டிலை மெதுவாக இடம் வலம் திருப்பும்போது நடுவில் சிக்கி நின்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. பல பேர் இதை ஃபோர்க் கோளாறு என்று நினைத்துக் காசு செலவு செய்கிறார்கள்.

நான்காவது, துள்ளல். வண்டியைக் கீழே இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒரே சீராக மேலே வந்து நிற்க வேண்டும். பந்து மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடினால் ஆயில் கெட்டிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. மேலே வரும்போது சிக்கிச் சிக்கி வந்தால் குழாய் வளைந்திருக்கலாம், அல்லது முன் ஆக்ஸிலை முறுக்கும்போது இரண்டு கால்களும் நேர்கோட்டில் நிற்காமல் போயிருக்கலாம்.

ஐந்தாவது, தாழ்வு அளவு. இதுதான் முக்கியம். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்ற கணக்கு. முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கியிருக்கும்போது, பளபளக்கும் குழாயின் தெரியும் நீளத்தை அளந்து எழுதுங்கள். பிறகு வண்டியைக் கீழே இறக்கி, வழக்கமாக ஓட்டும் உடையில் ஏறி, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்காருங்கள். ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே நீளத்தை அளக்க வேண்டும். சீலின் இறுக்கத்தால் அளவு கொஞ்சம் மாறும். அதனால் ஒருமுறை முன்பக்கத்தை அமுக்கி மெதுவாக விட்டும், ஒருமுறை தூக்கி மெதுவாக விட்டும் அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், ஃபோர்க்கின் மொத்த ஓட்டத்தில் கால்வாசியில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் நல்லது. உதாரணமாக மொத்த ஓட்டம் 120 மி.மீ. என்றால், 30 முதல் 40 மி.மீ. வரை அமுங்கலாம். அதற்கு மேல் அமுங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது உங்கள் எடைக்கு அது மெல்லியது. ரொம்பக் குறைவாக அமுங்கினால் சின்னப் பள்ளத்திலும் கை அதிரும்.

கடைசியாக, பளபளக்கும் குழாயில் பிளாஸ்டிக் டேக்கை லேசாகக் கட்டி, கீழே சீல் வரை தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகும் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். அது எவ்வளவு மேலே போயிருக்கிறதோ அவ்வளவு தூரம் ஃபோர்க் வேலை செய்திருக்கிறது. சாதாரண ரோட்டிலேயே முழு ஓட்டமும் தீர்ந்துபோனால் கவனிக்க வேண்டும்.

எல்லா அளவையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். மாற்றினால் ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

சில பைக்குகளில் ஃபோர்க்கின் தலையில் ஸ்பிரிங் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். அதை இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: அதைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். உங்கள் எடைக்கு ஸ்பிரிங்கே பொருந்தவில்லை என்றால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

ஃபோர்க் ஆயிலும் எஞ்சின் ஆயில் மாதிரி பழசாகும். மாற்றும்போது மேனுவலில் சொன்ன வகை, சொன்ன அளவு, இரண்டு காலிலும் சமமாக. கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லது என்பது தப்பு. ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்று இடம் குறைந்து, ஃபோர்க் கடைசியில் கல் மாதிரி இறுகும். சீலும் சீக்கிரம் போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஃபோர்க்கின் மேல் மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. வண்டியைச் சரியாகத் தாங்காமல், அனுபவமில்லாமல் அந்த மூடியைக் கழற்றினால் அது முகத்தை நோக்கித் தெறிக்கும். வண்டியும் சட்டென்று முன்பக்கம் உட்கார்ந்துவிடும். அளப்பது, பார்ப்பது, குறிப்பது வீட்டில் செய்யலாம். மூடியைத் திறப்பது, சீல் மாற்றுவது, வளைந்த குழாயைச் சரிசெய்வது எல்லாம் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போதுதான். தலைகீழ் ஃபோர்க் உள்ள வண்டி என்றால் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே நல்லது.

அளவு எழுதிய நோட்டோடு போனால் மெக்கானிக்கிடம் பேசும் பேச்சே வேறு. முன்னாடி ஏதோ ஆடுதுண்ணே என்று சொல்வதற்குப் பதிலாக, உட்கார்ந்தால் 50 மி.மீ. அமுங்குது என்று சொல்லலாம். தேவையில்லாத பார்ட்ஸ் மாற்றும் செலவும் குறையும்.

நாயுடு இன்று ஏன் பேசப்படுகிறார்?

1974 ஜனவரி 4 அன்று ஜி.டி. நாயுடு காலமானார். அவர் சேகரித்த, உருவாக்கிய பொருட்கள் கோவை அவினாசி ரோட்டில் உள்ள கண்காட்சியில் இருக்கின்றன. அதே வளாகத்தில் 2015-ல் ஜீடி கார் மியூசியமும் திறக்கப்பட்டது. 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்ட, 10.1 கி.மீ. நீள அவினாசி ரோடு மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அவர் வாழ்க்கையை வைத்து மாதவன் நடிப்பில் படமும் எடுக்கப்பட்டிருக்கிறது.

அவர் எழுப்பிய கேள்வி இப்போது வேறு பெயரில் வந்திருக்கிறது: பழுதுபார்க்கும் உரிமை. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கவும், சரிசெய்யவும் வாங்கியவருக்கு உரிமை வேண்டும், அதற்கான மேனுவலும் பார்ட்ஸும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கை. இதற்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் இருக்கின்றன.

ரட்ஜ் பைக்கில் எல்லாம் வெளியில் தெரிந்தது. இன்றைய வண்டியில் பாதி விஷயம் மூடிக்குள்ளும், மீதி கம்ப்யூட்டர் சிப்புக்குள்ளும் இருக்கிறது. நாயுடு மாதிரி எல்லாரும் முழு வண்டியையும் பிரித்துப் போட முடியாது, போடவும் வேண்டாம். ஆனால் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்து, தான் தினமும் ஏறி உட்காரும் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பார்க்க யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும்.